மறக்கப்பட்ட ஒரு பெண்ணை நாவலாக்கி அச்சேற்றுவது எப்படி: திருகோணமலையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழின் முதல் வரலாற்று நாவலை எழுதியவர் திருகோணமலைக்காரர். தி. த. சரவணமுத்துப்பிள்ளையின் ‘மோகனாங்கி’ 1895இல் வெளிவந்தது. கதை தஞ்சை, மதுரை நாயக்கர்களைப் பற்றியது. தலைப்போ கதைநாயகியின் பெயர். பின்னாளில் அதே நாவலைச் சுருக்கி வெளியிட்டபோது தலைப்பு ‘சொக்கநாத நாயக்கர்’ ஆகிவிட்டது. நாயகி உள்ளே போய்விட்டாள், அரசர் அட்டைக்கு வந்துவிட்டார்.

மறக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி நாவல் எழுதப் போகிறேன் என்று யாராவது வந்தால் இந்தக் கதையைத்தான் முதலில் சொல்வேன். ஏனென்றால் இந்த வேலையில் எழுதுவதை விடப் பெரிய பாடு வேறொன்று இருக்கிறது. கல்வெட்டிலிருந்தோ பதிவேட்டிலிருந்தோ ஒரு பெயரை நாம் பெயர்த்து எடுத்து வருகிறோம். தட்டச்சில், அட்டையில், மேடையில், நூலகப் பட்டியலில் என்று வழி நெடுக அது கைநழுவி விழப் பார்க்கிறது. கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தப் பெயரைக் கீழே போடாமல் கடைசிவரை கொண்டுபோவதற்கானவை.

நான் வெளியிட்டிருப்பது ஒரே ஒரு நாவல், 300 பிரதிகள். செய்யக்கூடிய பிழைகளில் பாதியையாவது அந்த ஒன்றிலேயே செய்து முடித்துவிட்டேன். இதைச் சொல்வதற்கு என்னிடம் உள்ள தகுதி அதுதான்.

முதற்படி: தடயம் உள்ள பெண்ணைத் தேடுங்கள்

கந்தளாய், திருகோணமலை நகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பஸ்ஸில் போகும்போது குளக்கட்டைப் பார்த்து, அந்தக் குளத்தைக் கட்டியதாகச் சொல்லப்படும் குளக்கோட்டன் என்ற அரசனைப் பற்றிப் பேசாத திருகோணமலைக்காரர் இல்லை. நங்கைசானியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கந்தளாய்ப் பக்கத்துப் பளமோட்டையில் கிடைத்த ஒரு தமிழ்க் கல்வெட்டில் அவள் பெயர் இருக்கிறது. பிராமணக் கைம்பெண். இறந்துபோன கணவனின் நினைவாகக் கந்தளாயில் இருந்த தென்கயிலாசம் என்ற சிவன் கோயிலுக்கு நிவந்தம், அதாவது நிலையான கொடை, வைத்தாள். அந்தத் தருமத்தைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரர் என்ற தமிழ்ப் படையிடம் விடப்பட்டது. ஆண்டு, விஜயபாகு அரசனின் 42ஆம் ஆட்சியாண்டு. என் நாவலின் நாயகி அவள்தான்; அவளைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய இவ்வளவுதான்.

இவ்வளவு போதுமா என்று கேட்பீர்கள். தாராளமாகப் போதும். ஒரு பெயர், ஓர் இழப்பு, ஒரு செயல், ஓர் இடம், ஓர் ஆண்டு. இந்த ஐந்தும் இருந்தால் நாவல் நிற்கும். கணவன் இறந்த வீட்டில் சொத்தை யார் எண்ணினார்கள்? அவள் கொடுக்க முடிவெடுத்தபோது தடுத்தவர் யார்? தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னபோது தச்சன் அவள் முகத்தைப் பார்த்தானா? கல் வாய் திறக்காத இடங்கள் எல்லாம் நாவலாசிரியருக்கு விட்ட காணி.

தடயமே இல்லாத பெண்ணைத் தேர்ந்தெடுத்தால் அது வரலாற்று நாவலாகாது, பழைய உடுப்புப் போட்ட கற்பனைக் கதை. அதுவும் எழுதலாம்; ஆனால் அட்டையில் வரலாற்று நாவல் என்று போடாதீர்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. நம் ஊரில் அது கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. கோட்டைக்குள் ஏறிக் கோணேசர் கோயிலை நோக்கிப் போனால், சுவாமி மலை விளிம்பில் ஒரு கல்தூண். அதில் டச்சு மொழியில் பிரான்சினா வான் ரீட் என்ற பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற திகதியும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. கப்பலேறிப் போன காதலனைப் பார்த்தபடியே அவள் கடலில் குதித்துவிட்டாள் என்று ஊரில் சொல்வார்கள். உல்லாசப் பயணிகளுக்கும் அந்தக் கதைதான் விற்கப்படுகிறது. டச்சுப் பதிவுகளைத் தேடிப் பார்த்தவர்களோ, அவள் அந்த ஆண்டுக்குப் பிறகும் உயிரோடிருந்து மணமுடித்து வாழ்ந்ததைக் காட்டியிருக்கிறார்கள். மலபார்த் தாவரங்களைப் பற்றி 12 தொகுதிகளில் மாபெரும் நூல் செய்த ஹென்ட்ரிக் வான் ரீட் வளர்த்த பெண் அவள். குதித்தவள் என்று நினைவுகூரப்படுகிறவள் உண்மையில் குதிக்காதவள். அவளும் மறக்கப்பட்டவள்தான், சொல்லப்போனால் நங்கைசானியை விட மோசமாக மறக்கப்பட்டவள். அவளை யாராவது எழுதினால் முதல் பிரதியை நான் வாங்குகிறேன். குதிக்க வைத்தால் மட்டும் வாங்க மாட்டேன்.

இரண்டாம் படி: எங்கே தேடுவது

கல்வெட்டு என்றால் மூல வாசகத்தை நோக்கிப் போங்கள். அதைப் பற்றி யாரோ எழுதிய கட்டுரையோடு நின்றுவிட வேண்டாம். பளமோட்டைக் கல்வெட்டைத் தொல்லியலாளர் பரணவிதான ‘எபிகிராபியா சீலனிக்கா’ என்ற இலங்கைக் கல்வெட்டுத் தொடரின் 4ஆம் தொகுதியில் பதிப்பித்தார். தமிழில் படிப்பவர்களுக்குப் பேராசிரியர் சி. பத்மநாதனின் ‘இலங்கைத் தமிழ்ச் சாசனங்கள்’ கைகொடுக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அந்தக் காலக் கல்லில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது. கிரந்த எழுத்துகளும் கலந்து கிடக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இராது. ஆகவே பெயரை எப்படிப் பிரிப்பது என்பதே பதிப்பாசிரியரின் முடிவு. நங்கைசானியா, நங்கைச்சானியா, நங்கை சானியா? ஒன்றை முடிவுசெய்து, ஏன் அதைத் தேர்ந்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேல் ஒட்டுங்கள். நான் ஒட்டாமல் பட்டபாட்டைப் பின்னால் சொல்கிறேன்.

போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்த 1622க்குப் பிந்திய காலத்துப் பெண் என்றால் காகிதத் தடயம் கூடும். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பனியின் இலங்கை ஆவணங்கள் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றவை. 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து அசல் டச்சுக்காரருக்கே கண்ணைக் கட்டும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைப் பிடிக்காமல் அங்கே போய்ப் பயனில்லை. பிரித்தானியர் காலம் என்றால் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) நாட்குறிப்புகள், காணி உறுதிகள், ஆலய ஞானஸ்நானப் பதிவேடுகள். கல்லறைகளுக்கு ஜே. பி. லூயிஸ் 1913இல் தொகுத்த இலங்கைக் கல்லறை வாசகப் பட்டியல் இருக்கிறது. நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் தம்பி சார்ல்ஸ் 1852இல் இறந்து நம் ஊர் மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். அந்தப் பழைய இடுகாட்டில் அவர் கல்லைத் தேடிப் போகிறவர்கள் பக்கத்தில் உள்ள பெண்களின் கற்களையும் கொஞ்சம் படித்தால் நமக்கு நான்கைந்து நாவல்கள் கிடைக்கும்.

பழைய தமிழ் நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தை விடச் சிறந்த இடம் இல்லை. 2005இல் தொடங்கியது, வீட்டிலிருந்தே, இலவசமாகப் படிக்கலாம். கோணேசர் கல்வெட்டு போன்ற தலபுராண வகை நூல்களையும் விடாதீர்கள். அவற்றை ஆண்டுக் கணக்குக்கு நம்ப வேண்டாம்; தொழில், குடி, சடங்கு, சொல் ஆகியவற்றுக்கு அவை புதையல்.

உங்கள் பெண் மூன்று நான்கு தலைமுறைக்குள் வாழ்ந்தவள் என்றால் எல்லாவற்றுக்கும் முதல் அவளுடைய பேரப்பிள்ளைகளிடம் போங்கள். கையில் குறிப்பேட்டோடு போகாதீர்கள். முதல் நாள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆண்டை நிறுத்துங்கள், அடுப்பைப் பாருங்கள்

42ஆம் ஆட்சியாண்டு எந்தக் கிறிஸ்து ஆண்டு? விஜயபாகு பொலன்னறுவையைச் சோழரிடமிருந்து மீட்டது 1070இல். அங்கிருந்து எண்ணினால் அவர் இறந்த 1110ஐத் தாண்டிவிடும். ஆகவே கணக்கு அவர் தெற்கே ஆட்சி தொடங்கிய 1055ஐ ஒட்டித்தான் தொடங்க வேண்டும். அப்படியானால் நங்கைசானியின் நிவந்தம் 1097ஐ ஒட்டியது. சோழர் போய் ஏறத்தாழ 27 ஆண்டு. அதாவது, கணவனை இழந்தபோது அவளுக்கு ஐம்பது வயது என்று வைத்தால், அவள் இளமையில் சோழர் ஆட்சியைக் கண்டவள். இந்தச் சிறு கணக்குத்தான் என் நாவலுக்கு முதுகெலும்பைத் தந்தது. ஊரின் பெயரே அவள் காலத்தில் மாறியது: இராஜராஜ சதுர்வேதிமங்கலமாக இருந்த கந்தளாய் விஜயராஜ சதுர்வேதிமங்கலமானது. வீடு அதே வீடு, குளம் அதே குளம், முகவரி மட்டும் வேறு. நம் ஊரில் இப்படியொன்றைக் காணாத தலைமுறை இல்லை.

இனி அடுப்பு. என் முதல் கைப்படியில் மூன்றாம் அத்தியாயத்தில் நங்கைசானி அம்மியில் செத்தல் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். நல்ல காட்சி, கண்ணில் எரிவு, மூக்கில் தும்மல், மாமியாரின் குரல். கைப்படியைப் படித்த என் சின்னம்மா, “மிளகாய் பறங்கியோடு வந்த சாமான் அல்லவா, தம்பி?” என்றார். அவர் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். போர்த்துக்கேயர் இங்கே வந்தது 1505இல். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, பப்பாசி, அன்னாசி, மரவள்ளி, நிலக்கடலை, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஒன்றும் 11ஆம் நூற்றாண்டுக் கந்தளாயில் இல்லை. அன்றைக்கு உறைப்பு என்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். மிளகாயை எடுத்துவிட்டு மிளகை வைத்தால் போதும் என்று நினைத்தேன், போதவில்லை. மிளகு கண்ணை எரிக்காது. அந்தக் காட்சியில் அவள் அழுவதை மாமியார் கவனிக்காததற்கு மிளகாய்தான் சாக்கு. சாக்குப் போனதும் அவள் எல்லோருக்கும் முன்னால் அழ வேண்டியதாயிற்று. அத்தியாயமே வேறாகிவிட்டது, பழையதை விட நன்றாக வந்தது என்பது என் எண்ணம்.

இதே கண்ணோடு ஒவ்வொரு பக்கத்தையும் சலியுங்கள். நேரம் மணியில் இருந்தால் நாழிகைக்கு மாற்றுங்கள். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு நாளுக்கு 60. எழுதுவது ஓலையில், விளக்கு எரிவது நெய்யில் அல்லது எண்ணெயில், கொடுப்பது காசில், பொன்னை நிறுப்பது கழஞ்சில். ஆவணம், நிலம் அளப்பது, சபை கூடுவது ஆகியவற்றுக்குக் கல்வெட்டுச் சொற்களையே எடுத்தாளலாம். அந்தணர் சபையைப் ‘பெருங்குறிப் பெருமக்கள்’ என்று கந்தளாய்ச் சாசனம் சொல்கிறது. எவ்வளவு கம்பீரமான சொல். ஆனால் பக்கத்துக்கு ஒரு பழஞ்சொல்லுக்கு மேல் வேண்டாம். வாசகரை அகராதி தேட வைத்தால் அவர் தேடப் போய்த் திரும்பி வரமாட்டார்.

காற்றும் மழையும் மாத்திரம் மாறவில்லை. வாடைக்காற்றும் மாரி மழையும், ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசிக் குளம் வற்றுவதும் அன்றைக்கும் இருந்தவைதான். அந்த மாதத்தில் நேரே போய்க் குளக்கட்டில் நின்று எழுதுங்கள்.

நான்காம் படி: எது கல், எது கற்பனை

எழுதத் தொடங்குமுன் மூன்று பட்டியல் போடுங்கள். கல்லில் உள்ளவை, அந்தக் காலத்தில் இருந்திருக்கக்கூடியவை, நானாகச் சேர்த்தவை. முதலாவதை மீறக் கூடாது. இரண்டாவதற்கு ஆதாரம் வேண்டும். மூன்றாவதில் உங்கள் இஷ்டம். மூன்றையும் நாவலின் கடைசியில் பின்னுரையாக நான்கு பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். கொடுத்தால் கதையின் மயக்கம் கெட்டுவிடும் என்று ஒரு நண்பர் தடுத்தார். கெடவில்லை. பின்னுரையைப் படித்துவிட்டு முதலிலிருந்து மறுபடி படித்ததாகச் சொன்னவர்கள் உண்டு.

அவளை அரசியாக்காதீர்கள். இந்த ஆசை எல்லோருக்கும் வரும். படைத்தலைவன் ஒருவனை அவள் மேல் காதல்கொள்ள வைக்கலாம், இரகசிய ஓலையை அவள் கையில் கொடுக்கலாம், கடைசியில் அரசவையில் நிறுத்திப் பேச வைக்கலாம். அப்படிச் செய்தால் நாம் எழுதியது வேறொருத்தியை. கணவனுக்காக ஒரு விளக்கை ஏற்பாடு செய்வது ஒருத்தியின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய காரியமாக இருந்திருக்கும் என்பதை 280 பக்கத்தில் உணர்த்த முடியாவிட்டால், வாளும் குதிரையும் நம்மைக் காப்பாற்றாது.

கொடியாக்கவும் வேண்டாம். திருகோணமலையில் வரலாறு என்றாலே காணி வழக்குப் போலத்தான் பேசுவார்கள்; யார் முதல், யார் பின் என்று. இந்தக் கல் அந்த வழக்கில் யாருக்கும் வசதியான சாட்சி இல்லை. மொழி தமிழ், தெய்வம் சிவன், ஆட்சி சிங்கள பௌத்த அரசனுடையது. தென்கயிலாசக் கோயிலோ, விஜயராஜ ஈஸ்வரம் என்ற இன்னொரு பெயரில் அந்த அரசனின் பெயரையே தாங்கியிருக்கிறது. இதை ஒரு பக்கத்துக்குச் சாய்த்து எழுதினால் கைதட்டல் உறுதி. அப்படியே விட்டு எழுதினால் இரண்டு பக்கத்திலும் முகம் சுளிப்பார்கள். நான் இரண்டாவதைத் தேர்ந்தேன், சுளித்தார்கள்.

ஐந்தாம் படி: மூன்று வாசகர்

கைப்படி முடிந்ததும் ஒரு மாதம் அலுமாரியில் வையுங்கள். பிறகு மூவரிடம் கொடுங்கள்: அந்தக் காலம் தெரிந்த ஒருவர், தமிழ் தெரிந்த ஒருவர், நாவல் மட்டும் தெரிந்த ஒருவர். மூன்றாமவர் எங்கே தூங்கினார் என்று கேட்டு அந்தப் பக்கங்களை வெட்டுங்கள். எனக்கு 40 பக்கம் போயிற்று. எல்லாம் நான் கஷ்டப்பட்டுத் தேடிய தகவல்கள்.

ஆறாம் படி: பதிப்பகமா, சொந்தச் செலவா

இலங்கையில் தமிழ் நாவலுக்கு முற்பணம் கொடுத்துப் பதிப்பிப்பவர்கள் அரிது. பெரும்பாலும் எழுத்தாளரே செலவைப் பொறுப்பார். பதிப்பகத்தின் பெயர் அட்டையில் இருக்கும். அது தப்பில்லை, எழுத்தில் இருக்கும் வரை. எத்தனை பிரதி, யார் செலவு, விற்ற பணம் எப்போது, மறுபதிப்புக்கும் மின்னூலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உரிமை யாரிடம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உறவுக்காரர் என்றாலும் வாங்குங்கள். உறவுக்காரர் என்றால் கட்டாயம் வாங்குங்கள்.

பதிப்புரிமைக்கு எங்கும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை உங்களுடையது. உங்கள் ஆயுளும் அதற்குப் பிறகு 70 ஆண்டும் அது நீடிக்கும். வரலாற்றுச் செய்திக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் ஒரு பேராசிரியரின் மொழிபெயர்ப்பையோ ஒருவர் எடுத்த படத்தையோ அப்படியே போடுவதென்றால் அனுமதி கேட்க வேண்டும்.

ஏழாம் படி: தட்டச்சு, மெய்ப்பு, அட்டை, இலக்கம்

இங்குள்ள பல அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஆட்சி செய்கிறது. நீங்கள் யூனிகோட்டில் கொடுப்பீர்கள், அவர்கள் பாமினிக்கு மாற்றுவார்கள், இடையில் எங்கேயாவது ஒரு சொல்லுக்கு அந்த எழுத்துரு ஏறாமல் நின்றுவிடும். எழுத்துரு ஏறாத சொல் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக ஒரு குழம்பாகத் தெரியும். எனக்கு வந்த முதல் மெய்ப்பில் சாய்வெழுத்தில் இருந்த இடமெல்லாம் அப்படி. நான் சாய்வெழுத்தில் வைத்திருந்தது கல்வெட்டு வாசகத்தை மட்டும். ஆக, 280 பக்கத்தில் சரியாக நங்கைசானி தன் வாயால் பேசும் இடங்கள் மட்டும் அழிந்துபோயிருந்தன. அதோடு, நானே முதற்பாதியில் நங்கைசானி என்றும் பிற்பாதியில் நங்கைச்சானி என்றும் எழுதியிருந்தேன். மேசைக்கு மேல் தாள் ஒட்டச் சொன்னது இதனால்தான்.

மெய்ப்பு மூன்று முறை பாருங்கள். முதல் முறை கைப்படியோடு வரிக்கு வரி ஒப்பிட்டு. இரண்டாம் முறை வாய்விட்டு. மூன்றாம் முறை கடைசி அத்தியாயத்திலிருந்து பின்னோக்கி. கதை இழுத்துக்கொண்டு போகாததால் கண் எழுத்தில் நிற்கும். பெயர்களை மட்டும் தனியே கணினியில் தேடிச் சரிபாருங்கள்.

அட்டைக்கு ஓவியரிடம் கைப்படியைக் கொடுங்கள், சுருக்கத்தைக் கொடுக்காதீர்கள். நான் சுருக்கத்தைக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வந்தது: நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், தலை நிறைய மல்லிகை, பின்னால் யானை. ஒரு நகைக்கடை நாட்காட்டி. கணவன் இறந்து கோயிலுக்குக் கொடை வைத்த பெண் இவள் என்றேன். “மக்களுக்கு இதுதான் பிடிக்கும், அண்ணை” என்றார். நல்ல பிள்ளை, அவர்மேல் குறையில்லை. அடுத்த முறை அவரைப் பழைய கல்வெட்டுப் படிகளின் படங்களைப் பார்க்க வைத்தேன். கருங்கல் நிறம், அதில் பாதி தேய்ந்த நான்கு வரி, ஒரு சொல்லின்மேல் மட்டும் வெயில். அதுவே அட்டை.

அச்சுக்கு முன் சர்வதேசத் தர நூல் எண் (ISBN) பெற வேண்டும். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை வழங்குகிறது. 13 இலக்கம், நம் நாட்டுக்குரியவை 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. விண்ணப்பத்தில் தலைப்பும் பக்கமும் எப்படிக் கொடுக்கிறீர்களோ அப்படித்தான் நாளைக்கு எல்லா நூலகப் பட்டியலிலும் ஏறும். எழுத்துக் கூட்டலை அங்கேயே ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.

எட்டாம் படி: அச்சும் விலையும்

டெமி அளவில் பக்கத்துக்கு 230 முதல் 250 தமிழ்ச் சொல் வரும். 65,000 சொல் நாவல் ஏறத்தாழ 270 பக்கம், முன்பக்கங்களோடு 288. அச்சகம் போம் கணக்கில் எண்ணும். 16 பக்கம் ஒரு போம் என்றால் இது 18. 290 பக்கம் வந்தால் இரண்டு பக்கத்துக்காக இன்னொரு போமுக்குக் காசு போகும். ஆகவே 288இல் நிறுத்தப் பாருங்கள். 300 பிரதிக்குக் குறைவென்றால் டிஜிட்டல் அச்சே இலாபம். 500க்கு மேல் போனால் ஓப்செட். நடுவில் இரண்டுக்கும் விலை கேட்டுப் பாருங்கள்.

விலை போடும்போது கடையின் கழிவை மறந்துவிடாதீர்கள். என்னிடம் 30 முதல் 40 சதவீதம் வரை கேட்டார்கள். உதாரணத்துக்கு, ஒரு பிரதி அச்சாக 700 ரூபாய் முடிந்து 1,000 ரூபாய் விலை போட்டால், 35 சதவீதக் கழிவுக்குப் பின் கைக்கு வருவது 650. ஒவ்வொரு பிரதிக்கும் 50 ரூபாய் கொடுத்து உங்கள் நூலை நீங்களே விற்கிறீர்கள். 1,500 போட்டால் 975 வரும். அடக்க விலையின் இரட்டிப்புக்குக் கீழே போகாதீர்கள்.

ஒன்பதாம் படி: வெளியீட்டு விழா

வெளியூர்க்காரர்களுக்கு நம் வெளியீட்டு விழா விளங்காது. நூல் விற்பனையில் பாதி அந்த ஒரு மாலையில் நடக்கிறது. முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள் என்று பெயர் வாசிக்க வாசிக்க, ஒவ்வொருவராக மேடைக்கு வந்து கடித உறையைக் கொடுத்து நூலைப் பெற்றுப் படத்துக்கு நிற்பார்கள். உறைக்குள் விலையை விடக் கூடத்தான் இருக்கும். அச்சகக் கடன் அடைவது அதில்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை, கலியாண மொய் போல இது ஊர் சேர்ந்து தூக்கிவிடும் ஏற்பாடு. யார் எவ்வளவு தந்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் நூல் வெளியிடும்போது முன்வரிசையில் போய் உட்காருங்கள்.

நாளைத் தேர்வதில் கவனம் தேவை. கோணேசர் கோயில் திருவிழா, பள்ளிப் பரீட்சை, மாரி மழை மூன்றையும் தவிர்த்து ஒரு ஞாயிறு மாலை. மூன்றரை என்று அழைப்பிதழில் போட்டால் நான்கரைக்குத் தொடங்கும். பேச்சாளர் மூவர் போதும்: வெளியீட்டுரை, நயவுரை, உங்கள் ஏற்புரை. நான் ஏழு பேரைப் போட்டேன், யாரையும் பகைக்கக் கூடாது என்று. முதலாமவர் சோழரைப் பற்றி 40 நிமிடம். இரண்டாமவர் விஜயபாகு. மூன்றாமவர் குளக்கோட்டனில் தொடங்கிக் குளத்தோடு முடித்தார். ஒருவர் என் தகப்பனாரைப் பற்றிப் பேசினார்; அது எனக்குப் பிடித்திருந்தது, மறைப்பானேன். நங்கைசானியின் பெயர் அந்த மண்டபத்தில் முதன்முதலாக ஒலித்தபோது இரவு ஏழே கால். சொன்னது நான், ஏற்புரையில். பாதிக் கதிரைகள் காலி.

ஆகவே நயவுரை செய்கிறவருக்கு நூலை ஆறு கிழமைக்கு முன்னரே கொடுங்கள். பெண்கள் இருவரையாவது மேடையில் பேச வையுங்கள்; மங்கல விளக்கேற்ற மட்டும் அழைக்காதீர்கள். ஒரு பக்கத்தை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். கல்வெட்டு வாசகத்தையும் வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் மூதூரில் ஒரு பள்ளியில் செய்த சிறு அறிமுகத்தில் ஒரு மாணவி அதை வாசித்தாள். திக்கித் திணறித்தான் வாசித்தாள். முடித்துவிட்டு, “இவருக்குப் பிள்ளைகள் இருந்தார்களா, சேர்?” என்று கேட்டாள். ஏழு பேச்சாளரில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. கல்லில் அதற்கு விடையில்லை என்றேன்.

பத்தாம் படி: விழாவுக்குப் பிறகு

சட்டப்படி சுவடிகள் திணைக்களத்துக்குப் பிரதிகள் சேர வேண்டும். 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டம் அந்தப் பொறுப்பை அச்சகத்தாரிடம் கொடுத்திருக்கிறது. அனுப்பினார்களா என்று கேட்டு உறுதிப்படுத்துவது உங்கள் வேலை.

விருதுகளுக்கு அனுப்பத் தயங்காதீர்கள்: அரச சாகித்திய விருது, நம் மாகாணத்தின் சாகித்திய விருது. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் நம் ஊரிலேயே இருப்பதால் பஸ் செலவும் மிச்சம். கொழும்புச் சர்வதேசப் புத்தகக் கண்காட்சி செப்டெம்பரில். அதற்கு முன் கடைகளுக்குப் பிரதி போய்ச் சேர வேண்டும். வெளிநாட்டு வாசகர்களுக்குக் கிண்டில் தமிழை ஏற்கிறது. தபாற் செலவைப் பார்த்தால் அதுவே வழி.

நூலகங்களுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு வந்துவிடாமல் இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பட்டியலில் எப்படி ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நூலகத்தில் என் நாவல் ‘மங்கை சாணி’ என்று பதிவாகியிருந்தது. பொருள் வகையில், கால்நடை வளர்ப்பு. மேசையில் இருந்த தங்கச்சியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, புதிய அட்டையை எடுத்துப் பேனையைத் திறந்து, “ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள், ஐயா” என்றார். சொன்னேன்.